தொண்ணூறு வயதில் இடுப்பு முறிந்தால்

1950 செப்டம்பரில், இங்கிலாந்தின் அயட் செயின்ட் லாரன்ஸ் என்ற சிற்றூரில், 94 வயது நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா தன் வீட்டுத் தோட்டத்தில் மரக்கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. லூட்டன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு சிறுநீரகக் கோளாறு பிடித்துக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நவம்பர் 2ஆம் தேதி உயிர் பிரிந்தது. விழுந்து முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

1998 ஜனவரியில் அதே நாட்டில் எலிசபெத் ராணியின் தாயார் 97 வயதில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மூட்டை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் விழாக்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், 2002இல் 101 வயதில் காலமானார். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கதை இன்னும் வேடிக்கை. 2019 மே மாதம், 94 வயதில், வான்கோழி வேட்டைக்குக் கிளம்பும் நேரத்தில் விழுந்து இடுப்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அக்டோபரில் மறுபடி விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு, ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் வேலைக்குப் போய்விட்டார். அதே மாதம் இன்னொரு முறை விழுந்ததில் கூபக எலும்பில் சிறு முறிவு. மனிதர் 100 வயதைக் கண்ட பிறகுதான் 2024 டிசம்பரில் விடைபெற்றார்.

அரண்மனையும் அதிபர் மாளிகையும் பார்த்தவர்களுக்கு வாய்க்கிற கவனிப்பு எல்லோருக்கும் வாய்க்காது என்பது உண்மைதான். ஆனால் ஷாவும் தன் காலத்தில் உலகறிந்த செல்வாக்குள்ள மனிதர். அவருக்கும் மற்ற இருவருக்கும் நடுவே நின்ற வேறுபாட்டில் பெரும்பங்கு பணத்தினுடையது அல்ல. மிக வயதானவர்களின் முறிந்த எலும்பைப் பற்றி மருத்துவம் இந்த இடைக்காலத்தில் தன் எண்ணத்தையே மாற்றிக்கொண்டது. நம் வீடுகளில் அந்த மாற்றம் இன்னும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது.

விடிகாலையில் தொலைபேசி அடிக்கும். "பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. எந்திரிக்க முடியல." பக்கத்து வீட்டுக்காரர் காலை நீவிப் பார்த்து "சுளுக்குதான்" என்பார். தைலம் தேய்க்கப்படும். ஒரு காலைவிட இன்னொன்று குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால், அது சுளுக்கு இல்லை. இடுப்பு முறிந்திருக்கிறது. நீவக்கூடாது, தூக்கி நிறுத்தி நடக்கவைத்துப் பார்க்கவும் கூடாது. எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் தாங்கித் தாங்கி நடந்துகூடப் போவார்கள்; முதல் எக்ஸ்ரேயில் கோடு தெரியாமலும் போகலாம். விழுந்த முதியவர் இடுப்புப் பக்கம் வலிக்கிறது என்று தொடர்ந்து சொன்னால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் எம்ஆர்ஐ வரை போய்ப் பார்ப்பது நல்லது.

எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னதும் குடும்பம் கூடிப் பேசத் தொடங்கும். "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" "மயக்க மருந்து தாங்குமா?" "புத்தூர் கட்டுப் போட்டுப் பாக்கலாமே, எங்க மாமாவுக்கு அப்படித்தான் சேர்ந்துச்சு." எல்லாமே பாட்டியின் மேலுள்ள பாசத்தில் பிறக்கும் கேள்விகள். எலும்பு ஒட்டுமா ஒட்டாதா என்பதைச் சுற்றியே அவை சுழல்கின்றன என்பதுதான் சிக்கல். தொண்ணூறு வயது உடம்பில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. பாட்டி எத்தனை நாள் படுத்துக் கிடக்கப்போகிறார்?

எலும்பு ஒட்டுகிற கதையையே முதலில் பார்த்துவிடலாம். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டும். அதன்மேல் இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு பாலம் கட்டும். பிறகு அது சுண்ணாம்புச் சத்தேறிக் கெட்டிப்படும். முழுப் பலம் திரும்ப மாதங்கள் ஆகும். முதியவர்களிடம் இந்த வேலை மெதுவாக நடக்கிறதே தவிர நின்றுபோவதில்லை. "வயசாயிட்டா எலும்பு ஒட்டாது" என்ற பேச்சில் உண்மை குறைவு. எது முறிந்தது, அதற்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதே ஒட்டுவதைத் தீர்மானிக்கிறது.

இடுப்பு முறிவு என்று நாம் பொதுவாகச் சொல்வது தொடை எலும்பின் மேல்முனை முறிவு. அதில் இரண்டு சாதி உண்டு. இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பந்துக்குக் கீழே குறுகலான கழுத்துப் பகுதி இருக்கிறது. பந்துக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கழுத்தின்மேல் ஏறிச் செல்லும் மெல்லிய நாளங்கள் வழியாகத்தான் போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்த நாளங்கள் அறுந்துபோகும். ரத்தம் கிடைக்காத பந்து ஒட்டாமலே கிடக்கும், அல்லது செத்து நொறுங்கும். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1822இல், லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் இதை எழுதிவைத்துவிட்டார். மூட்டு உறைக்குள்ளே முறிந்தால் சேர்வதில்லை, வெளியே முறிந்தால் சேர்கிறது என்பது அவருடைய கணிப்பு. அது இன்றும் பெருமளவு நிற்கிறது.

அந்த இரண்டாவது வகை, கழுத்துக்கும் கீழே, எலும்பு அகன்று பஞ்சுபோல இருக்கும் இடத்தில் நேர்வது. அங்கே ரத்த ஓட்டம் தாராளம். யார் கட்டினாலும், கட்டாவிட்டாலும்கூட, பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

நாட்டு வைத்தியக் கட்டின் புகழுக்குப் பின்னால் இருக்கும் ரகசியமும் இதுவே. திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கும் புத்தூருக்குத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். அந்தப் பெயரைப் பலகையில் எழுதிய கட்டுக் கடைகள் சென்னையின் பல தெருக்களில் இருக்கின்றன. பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி. கையிலோ கணுக்காலிலோ விலகாத முறிவுக்கு இந்தக் கட்டு அசையாமல் பிடித்து வைக்கிறது, எலும்பு தானாக ஒட்டிக்கொள்கிறது. இளம் வயதினரிடம் அது பலித்த அனுபவங்கள் பொய்யில்லை. தொடைக் கழுத்து விலகி முறிந்த தொண்ணூறு வயதுக்காரரிடம் மூங்கில் தப்பைக்குச் செய்ய ஏதுமில்லை. அதற்குக் கீழே முறிந்தவருக்கு எலும்பு சேரும். ஆனால் கால் குட்டையாகி, பாதம் திரும்பிய நிலையிலேயே சேரும். அதற்குள் மூன்று மாதம் படுக்கையில் ஓடியிருக்கும். முதியவர்களின் தோல் காகிதம்போல மெலிந்தது என்பதால், இறுகக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திப் புண்ணாக்கும் ஆபத்தும் அவர்களுக்குக் கூடுதல்.

எலும்பு வைத்தியர்களைக் கேலி செய்ய மேற்கத்திய மருத்துவத்துக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. நவீன எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் தலைமுறைகளாக எலும்பு கட்டிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரில் அமைந்த தாமஸ் சிம்பு என்ற கால் தாங்கி உலகமெங்கும் பயன்பட்டது. அவர் போதித்த தாரக மந்திரம் ஓய்வு. இடைவிடாத, நீண்ட, கட்டாய ஓய்வு. அந்த மந்திரத்தை மருத்துவமனைகள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. இடுப்பு முறிந்தால் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, எட்டுப் பன்னிரண்டு வாரம் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். எலும்பு சேரும் முன்பே பலர் போய்ச்சேர்ந்தார்கள்.

படுக்கையே நோயாளியைக் கொல்கிறது என்று 1947இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் எழுதினார். ஓய்வையே மருந்தாக நம்பிய மருத்துவர்களுக்கு அது சற்றுக் கசப்பான வாசிப்பாகத்தான் இருந்திருக்கும். படுத்திருப்பவரின் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வருகிறது. காலின் நாளங்களில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் நொடியில் முடிந்துவிடும். சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தொற்று. மலச்சிக்கல். வாலெலும்புப் பக்கமும் குதிகாலிலும் படுக்கைப் புண். தசை கரைகிறது. 2007இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. சராசரியாக 67 வயது ஆரோக்கியமானவர்களின் கதி இது. முறிந்த எலும்போடு, வலியோடு, பாதிச் சாப்பாட்டோடு கிடக்கும் 92 வயதுக்காரருக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே இந்த வயதில் ஆபரேஷனின் முதல் நோக்கம் எலும்பை ஒட்டவைப்பதல்ல. வலியை அடக்கி, மறுநாளே உட்கார வைத்து, முடிந்தால் நிற்க வைப்பது. கழுத்து முறிந்தவருக்கு ஒட்டும் என்று காத்திருக்காமல், செத்துப்போகப்போகும் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்திவிடுகிறார்கள். "பால் மாத்தியாச்சு" என்று வார்டில் சொல்வது இதைத்தான். 1940இல் உலோக இடுப்பைப் பொருத்திய அமெரிக்கர் ஆஸ்டின் மூரின் பெயர் தாங்கிய பந்து, இந்திய அரசு மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் முதியவர்களை நடக்கவைத்தது. கழுத்துக்குக் கீழே முறிந்தவர்களுக்கு எலும்பின் உட்குழலுக்குள் நீண்ட உலோகத் தண்டு செருகுவார்கள், அல்லது வெளியே தகடு வைத்து முடுக்குவார்கள். 'ராடு', 'பிளேட்' என்பவை இவை. நைந்த எலும்பில் திருகாணி முடுக்குவது ஊறிய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிப்பதுபோல. சில நேரம் பிடிமானம் கழன்றுவிடும். அதனால்தான் எந்த முறிவுக்கு எந்தக் கருவி என்பதில் மருத்துவர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்தது நேரம். மூத்த மகன் துபாயிலிருந்து வரட்டும், நல்ல நாள் பார்க்கலாம், காப்பீட்டு அட்டை வரட்டும், இதய டாக்டர் எக்கோ எடுத்து 'ஃபிட்னஸ்' தரட்டும் என்று நான்கைந்து நாள் போய்விடுகிறது. பிரிட்டனில் 2007இல் இடுப்பு முறிந்த ஒவ்வொரு முதியவரையும் பதிவு செய்யும் தேசியத் தரவுத்தளம் தொடங்கினார்கள். மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடக்கவேண்டும் என்பது அங்கே விதியானது. 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை, முதியோர் மருத்துவரின் பரிசோதனை போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம். பணம் பேசியது. 30 நாளுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 11 பேர் என்ற அளவிலிருந்து 6 பேர் என்ற அளவுக்கு இறங்கினார்கள். புதிய மருந்தோ புதிய கருவியோ இதைச் சாதிக்கவில்லை. தெரிந்த வேலைகளைத் தாமதிக்காமல் செய்ததுதான் காரணம்.

மணிக்கணக்கில் பதறவும் வேண்டியதில்லை. இந்தியா உட்பட 17 நாடுகளில், 2,970 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. சராசரி ஆறு மணி நேரத்தில் அறுவை செய்தவர்களுக்கும் ஒரு நாளில் செய்தவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன, சீக்கிரம் எழுந்தார்கள். சில மணி நேரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. சில நாள் தாமதமானால் முழுகலாம். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். காத்திருப்பதா, மாற்று வழி உண்டா என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும்.

மயக்க மருந்து பயத்துக்கும் பதில் கிடைத்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதா, முழு மயக்கமா என்று 1,600 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. திரும்ப நடப்பதிலோ இறப்பிலோ மனக்குழப்பத்திலோ இரண்டுக்கும் வேறுபாடில்லை. எந்த மயக்கம் என்பதைவிட மயக்க மருத்துவருக்கு எதில் கை தேர்ந்திருக்கிறது என்பதைக் கேட்பது உதவும். வலிக்கு, அவசரப் பிரிவிலேயே தொடை நரம்பைச் சுற்றி ஊசி போட்டு மரக்கவைக்கும் முறை இப்போது பல இடங்களில் உண்டு. அது கேட்டுப் பெறவேண்டிய ஒன்று. மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளும் ஊசிகளும் வயதான சிறுநீரகங்களுக்கு ஆகாதவை. காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று முதல் நாள் இரவே தண்ணீரையும் நிறுத்திவிடுவது இன்னொரு வீண் வழக்கம். வேறு தடை இல்லாதவர்களுக்கு மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பதே இன்றைய பொதுவிதி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட மறுநாள் இரவில்தான் வீட்டார் மிரண்டுபோகிறார்கள். பாட்டி கையிலிருக்கும் ஊசியைப் பிடுங்குவார். "என்னை எங்கடா கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்பார். இருபது வருடம் முன்பு போன தாத்தாவைக் கூப்பிடுவார். பெற்ற மகளை நர்ஸ் என்று நினைத்துத் திட்டுவார். "மூளைக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று குடும்பம் கலங்கும். இடுப்பு முறிந்த முதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தத் திடீர் மனக்குழப்பம் வருகிறது. இது பைத்தியமும் அல்ல, ஒரே இரவில் வந்த மறதி நோயும் அல்ல. வலி, நீரிழப்பு, மூச்சுக் குறைவு, தொற்று, மலச்சிக்கல், தூக்கமின்மை, இடம் மாறிய திகைப்பு எல்லாம் சேர்ந்து வயதான மூளையைத் தடுமாற வைக்கின்றன. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். சிலருக்கு வாரங்கள் ஆகும்.

இதற்கு இன்னொரு முகம் உண்டு. கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டால் மட்டும் முனகிக்கொண்டு கிடப்பவரைப் பார்த்து "நல்லா ரெஸ்ட் எடுக்கறாங்க" என்று திருப்திப்படுவார்கள். அதுவும் அதே குழப்பம்தான், சத்தமில்லாத வடிவம். இதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும்.

தூக்க மாத்திரையும் கையைக் கட்டிப்போடுவதும் இதைக் கூட்டும். குறைப்பவை சாதாரணமானவை: மூக்குக் கண்ணாடியையும் செவிக் கருவியையும் பல்செட்டையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுவிடுவது. பகலில் ஜன்னல் திரையை விலக்குவது, இரவில் விளக்கைத் தணிப்பது. பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் 'அட்டெண்டர்' என்று ஒருவர் கூடவே தங்கும் வழக்கம் பல நாடுகளில் இல்லை. இந்த விஷயத்தில் அது நமக்கு வாய்த்த வரம். ஆனால் அந்த அட்டெண்டர் செல்போனில் மூழ்கியிருந்தால் பயனில்லை. இன்று என்ன கிழமை, எந்த ஊர், ஏன் இங்கே இருக்கிறோம் என்று பேசிக்கொண்டிருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் ஒரே வார்டில் சேர்ந்து பார்ப்பது என்ற ஏற்பாடு, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் மைக்கேல் டெவாஸ் என்ற எலும்பு மருத்துவர் வழியாகப் புகழ்பெற்றது. அது தேவைப்படுவதற்குக் காரணம், இந்த நோயாளிக்கு முறிவு பல தொல்லைகளில் ஒன்றுதான். இதயம், சர்க்கரை, சிறுநீரகம், மறதி எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று 1978இலேயே தனிப்பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அது முன்னோடி முயற்சி. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இருந்தும் மாவட்டங்களில் எலும்பு வார்டுக்குள் முதியோர் மருத்துவர் காலடி வைப்பது அபூர்வம்தான்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்து எழுந்து உட்காரச் சொல்லும்போது குடும்பமே குறுக்கே நிற்கும். "நேத்துதானே கத்தி வெச்சாங்க, பிரிஞ்சிடாதா?" பந்தும் ராடும் வைப்பதே அந்த மறுநாளுக்காகத்தான். மருத்துவர் தடை சொல்லாதவரை வலிக்கேற்ற அளவு காலில் எடை போட்டு வாக்கரோடு நிற்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு பாசம் வேறு வடிவில் தடை போடும். படுக்கைக்கே சாப்பாடு, படுக்கையிலேயே பெட்பேன், டயப்பர். சாப்பிட நாற்காலிக்கு வருவது, கழிப்பறைக்கு வாக்கரில் போவது, பல் தேய்க்க நிற்பது — இவைதான் உண்மையான உடற்பயிற்சி. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவது, 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிந்துகொள்வார்கள். இவ்வளவு செய்தும், முறிவுக்கு முன் இருந்த நடை ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான் திரும்புகிறது. ஓராண்டுக்குள் நூற்றில் இருபது முதல் முப்பது பேர் இறக்கிறார்கள். பாட்டி மறுபடி மாடிப்படி ஏறுவார் என்று யாரும் வாக்குக் கொடுத்தால் நம்பவேண்டாம்.

எல்லா முறிவுக்கும் கத்தி தேவை என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவுகட்டக்கூடாது. மணிக்கட்டு முறிவை 1814இல் ஆபிரகாம் காலிஸ் விவரித்தார். அது சற்றுக் கோணலாகச் சேர்ந்தாலும் முதியவர்களின் கை நன்றாகவே வேலை செய்கிறது. ஐந்தாறு வாரம் மாவுக்கட்டு போதும், விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டவேண்டும். தோள் முறிவில் பெரும்பாலானோருக்குக் கையைத் தூளியில் தொங்கவிடுவதே போதும் என்று 2015இல் பிரிட்டனில் முடிந்த ஆய்வு காட்டியது. கூபக எலும்பின் முன்பக்க முறிவுக்கு வலி மருந்தும் நடையும். முதுகெலும்பு நசுங்குவது பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. "அம்மா குனிஞ்சுட்டே போறாங்க" என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இரண்டு மூன்று நசுங்கிய எலும்புகள் இருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஆட்டுக்கால் சூப்புக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை தனி. சூடாக, உப்பும் மிளகுமாக அது வாய்க்கு ருசி தரும். அதிலிருக்கும் கால்சியமோ நாம் நினைப்பதைவிடக் குறைவு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பிரண்டையை 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் விலங்குகளில் சோதித்து, முறிவு விரைந்து சேர்வதாக எழுதினார்கள். துவையல் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் படுத்திருப்பவருக்கு மிகவும் குறைந்துபோவது புரதம். ரசம் சாதமும் இட்லியும் மட்டும் கொடுத்துத் தசையை மீட்க முடியாது. முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் — எது உள்ளே இறங்குகிறதோ அதைச் சிறுகச் சிறுக, பலமுறை.

பேசத் தயங்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. சிலருக்கு ஆபரேஷனே வேண்டாம் என்பதும் சரியான முடிவாக இருக்கலாம். பல மாதங்களாகப் படுக்கையில் இருப்பவர், முற்றிய மறதி நோயில் யாரையும் அறியாதவர், இறுதி நாட்களை நெருங்கிக்கொண்டிருப்பவர். நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த மிகத் தளர்ந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. குடும்பமும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி, ஏறத்தாழப் பாதிப்பேர் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். ஆனால் வலி தணிக்கப்பட்ட அந்த நாட்களின் தரம் அறுவை செய்துகொண்டவர்களுடையதைவிடத் தாழ்ந்துபோகவில்லை. எடுத்த முடிவில் குடும்பங்களுக்கு மனக்குறையும் இல்லை. இதற்கும் "வயசாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று வலி மருந்துகூட இல்லாமல் அனுப்பிவைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் மார்ஃபின், நரம்பு ஊசி, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடும் கைகள் வேண்டும். நேற்றுவரை கோயிலுக்கு நடந்துபோய்வந்த 93 வயதுக்காரரை வயதை மட்டும் பார்த்து இந்தப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம்.

ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் ஆபத்து அதிகம். ஆனால் இடுப்பைச் சரிசெய்து அனுப்பும் மருத்துவமனைகள் பலவும் எலும்பு ஏன் அவ்வளவு லேசில் முறிந்தது என்று கேட்பதில்லை. சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை வருடத்துக்கு ஒருமுறை நாளம் வழியே ஏற்றினால், இடுப்பு முறிந்தவர்களுக்கு அடுத்த முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்ததாக 2007இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீரகம் தாங்குமா, வைட்டமின் டி போதுமா என்று பார்த்துத்தான் போடவேண்டும். வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரைகளும் உண்டு. இரவில் தரும் தூக்க மாத்திரை தேவையா, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிகிறதா என்று பார்க்கவேண்டும். முதல் கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்ட முதிய பெண்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை இங்கிலாந்தில் 2005இல் வந்த ஆய்வு காட்டியது. டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதியும் சத்து மாத்திரையும் மட்டும் இருந்தால், எலும்பு வலுவுக்கான மருந்து பற்றியும் கண் பரிசோதனை பற்றியும் மகனோ மகளோ அங்கேயே நின்று கேட்டு எழுதி வாங்கவேண்டியிருக்கிறது. கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்கும் கொத்தனாரையும் பாட்டி வீடு திரும்புவதற்கு முன்பே வரச்சொல்லிவிடலாம்.